லேப்டாப் கீச்சொலி: காயிலைத் தேடிப் போய் கெப்பாசிட்டரைப் பிடித்தது

என் லேப்டாப்பின் கீச்சொலி ஒருவழியாக அடங்கிவிட்டது. முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு கீபோர்டுக்கு மேல் காதைக் கொண்டுபோனால் மெலிதாகக் கேட்கும். நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் தூரத்தில் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. இதே தொல்லையோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடையில் கேட்டால் ஒன்று “போர்டு மாத்தணும்” என்பார்கள், இல்லாவிட்டால் “அது அப்படித்தான் இருக்கும்” என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நாமே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அதனால் செய்த வரிசையிலேயே, பலிக்காததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

மெஷின் 2021-ல் வாங்கியது. 14 இஞ்ச் திரை, அலுமினிய அடிமூடி, 65 வாட் டைப்-சி சார்ஜர். பேட்டரி புதிதில் 53 வாட்-மணி. இப்போது 41 தான் தாங்குகிறது. வாங்கியபோதே லேசாகச் சத்தம் இருந்தது. வாரன்டி இருந்தபோது கேட்டதற்கு, “இது நார்மல்தான் சார், ஸ்பெசிஃபிகேஷனுக்குள்ளதான் இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு சார்ஜிங் போர்ட் பழுதாகி வெளியே ஒரு கடையில் திறந்து மாட்டினார்கள். அதற்கப்புறம் சத்தம் கூடியது. அதற்குள் வாரன்டியும் முடிந்துவிட்டது. இன்னொரு கடையில் மதர்போர்டுக்கு 22,000 ரூபாய் கேட்டார்கள்.

சத்தம் எப்படி என்றால், சும்மா இருக்கும்போது சில்வண்டு மாதிரி ஒரே சீராக வரும். திரையில் பக்கத்தை மேலும் கீழும் தள்ளினால் ‘கிர்ர்... கிர்ர்’ என்று உடைந்து உடைந்து வரும். மவுஸை அசைத்தாலே மாறும். ஆனால் கனமான வேலை கொடுத்தால், அதாவது வீடியோவை மாற்றும்போதோ பெரிய ஃபைலை ஜிப் செய்யும்போதோ, சட்டென்று நின்றுவிடும். வேலை இல்லாதபோது கத்துகிறது, வேலை கொடுத்தால் அடங்குகிறது. இந்தக் குணம்தான் கடைசி வரை வழிகாட்டியது.

அளந்து பார்த்தது

இந்த வேலையில் காதை மட்டும் நம்பி இறங்கினால் எதுவும் தேறாது. நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறதா என்று காதால் சொல்ல முடியாது. மனசு விரும்புவதைத்தான் காது கேட்கும். ஆண்ட்ராய்டு போனில் ஸ்பெக்ட்ராய்டு என்ற இலவச ஆப் இருக்கிறது. மைக்கில் விழும் சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் கோடு கோடாகக் காட்டும். போனை ஒரு சின்ன ஸ்டாண்டில் மாட்டி, மைக் கீபோர்டுக்கு நேர்மேலே 10 செ.மீ உயரத்தில் நிற்கும்படி வைத்தேன். ஸ்டாண்டின் கால்கள் இருந்த இடத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். திரை வெளிச்சம் ஒரே அளவு, ஜன்னல் சாத்தல், சீலிங் ஃபேன் நிறுத்தம். சென்னையில் இதை ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் செய்ய முடிகிறது, அதுவும் வேர்த்து ஒழுகிக்கொண்டு.

ஆப் காட்டும் டெசிபெல், உண்மையான ஒலி அளவு இல்லை. போனுக்குப் போன் மாறும். ஆனால் அதே போன், அதே இடம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். மைனஸில் வரும் அந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். அறையின் அமைதி மைனஸ் 85. லேப்டாப் சும்மா இருக்கும்போது 7.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு முனை மைனஸ் 52 வரை எழுந்து நின்றது. பக்கத்திலேயே சின்னச் சின்ன முனைகள் வரிசையாக.

அப்போதுதான் பன்னிரண்டு வயது மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இன்னொண்ணும் கேக்குது. இதவிட மெல்லிசா” என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் 15 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒற்றைக் கோடு. டோன் ஜெனரேட்டர் ஆப்பில் சோதித்துப் பார்த்ததில் என் காது 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. வயது ஏற ஏற உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும். சின்ன வயசில் பக்கத்து வீட்டு டிவி ஓடுவது, ஒலியைக் குறைத்து வைத்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். பழைய பிக்சர் ட்யூப் டிவியின் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் நம் ஊர் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் 15,625 ஹெர்ட்ஸில் கத்தும். ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம் என்பதன் பெருக்கல் அது. அதே உயரத்துச் சத்தம் இன்று என் முகத்துக்கு நேராக வந்தும் எனக்குக் கேட்கவில்லை. இந்த மாதிரி வேலைக்கு வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் காதைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொன்றாகக் கழித்தது

அந்த 15 கிலோஹெர்ட்ஸ் கோடு சார்ஜரைப் பிடுங்கியதும் மறைந்தது. சார்ஜர் பெட்டியின் மேல் போனை வைத்ததும் கோடு உயர்ந்தது. பேட்டரி காலியாக இருந்து வேகமாக ஏறும்போது சார்ஜர் அமைதியாக இருக்கிறது. 100 சதவீதம் ஆன பிறகுதான் கத்துகிறது. சுமை குறைந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, உள்ளே இருக்கும் சுவிட்ச் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஓடும். அந்த விட்டு விட்டு ஓடுவது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. சார்ஜரைத் திறக்கவே திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் வரை போகும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் கொஞ்ச நேரம் தங்கும். நான் செய்தது, மேசை மேல் கிடந்த சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு தரைக்கு இறக்கியது. மகளுக்கும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

கரன்ட் போய் இன்வெர்டரில் ஓடும்போது சார்ஜர் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் அது வேறு கதை. சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்டரில் பல சார்ஜர்கள் அப்படிச் செய்யும். சைன் வேவ் இன்வெர்டர் இருக்கும் வீட்டில் செருகிப் பார்த்தேன், அங்கே உறுமல் இல்லை.

அடுத்தது கீபோர்டு விளக்கு. பாதி வெளிச்சத்தில் வைத்தால் 7.8 முனைக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு வந்தது. முழு வெளிச்சத்திலும் அணைத்தபோதும் இல்லை. விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் பாதி வெளிச்சம் காட்டுகிறார்கள், அதன் சத்தம் அது. பாதியில் வைப்பதை விட்டுவிட்டேன். திரை வெளிச்சத்தை மேலும் கீழும் மாற்றியதில் எதுவும் மாறவில்லை.

லேப்டாப்பின் உள் ஃபேனைச் சந்தேகப்பட்டுத்தான் பலர் முதலில் காசை விடுகிறார்கள். ஃபேன் சத்தம் சூட்டோடு சேர்ந்து மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். இந்தச் சத்தமோ மவுஸை அசைத்த அந்த நொடியே மாறுகிறது. ஃபேன் சுற்றாமல் நிற்கும்போதும் இருக்கிறது. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் விடவில்லை. அதில் சுழலும் பாகம் கிடையாது என்றாலும் அதற்கென்று தனியாகச் சின்ன மின்சுற்று உண்டு. அதைக் கழற்றிவிட்டு பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றினேன். சத்தம் அப்படியே.

கடைசியில் மிஞ்சியது ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட்டைச் சுமார் ஒரு வோல்ட்டாக இறக்குகிற இடம். அந்தச் சுற்று லட்சக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுவதால் நேரடியாகக் காதில் விழாது. ஆனால் ப்ராசஸர் வேலை இல்லாதபோது நொடிக்குப் பல தடவை தூங்கி, விழித்து, மறுபடி தூங்குகிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் மின்சாரம் குபுக்கென்று பாயும். அந்தத் தாளம்தான் காதுக்கு எட்டுகிறது. அந்தச் சுற்றில் இருக்கும் காயிலோ (கம்பிச் சுருள்) கெப்பாசிட்டரோ அந்தத் தாளத்துக்கு அதிரும்.

ப்ராசஸர் செய்கிற வேலைக்கு ஏற்ப இந்தச் சத்தம் மாறும் என்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2013-ல் டேனியல் ஜென்கின், ஆதி ஷமீர், எரன் ட்ரோமர் என்ற மூன்று ஆய்வாளர்கள், லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்த மைக்கில் பதிவான இதே கீச்சொலியிலிருந்து, அதில் ஓடிக்கொண்டிருந்த குனூபிஜி என்ற மறையாக்க மென்பொருளின் 4096 பிட் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவியையே எடுத்துக் காட்டினார்கள். அந்த மென்பொருளை உடனே திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. எனக்கு அந்த அளவுக்கு வேண்டாம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது ஃபைல் காப்பி ஆகிறது, இப்போது முடிந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்ல முடிந்தது.

மென்பொருளில் செய்தது

திறப்பதற்கு முன்னால் செலவில்லாத வழியைப் பார்த்துவிடலாம் என்று, ப்ராசஸரைத் தூங்க விடாமல் செய்து பார்த்தேன். லினக்ஸில் சிபியூபவர் என்ற கருவியால் தூக்கத்தின் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக மூடலாம். என் மெஷினில் மூன்று படிகள். மேலோட்டமான முதல் படியை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் மூடினால் முனை 20 டெசிபெல் இறங்கியது. சத்தம் போயே போய்விட்டது. ஆனால் சும்மா இருக்கும்போது 4.8 வாட் எடுத்த மெஷின் 8.6 வாட் எடுத்தது. என் 41 வாட்-மணி பேட்டரிக்கு எட்டரை மணி நேரம் ஐந்து மணிக்கும் கீழே வந்துவிடும். மடியும் சுடும்.

ஆக ஆழமான மூன்றாவது படியை மட்டும் மூடியபோது 9 டெசிபெல் குறைந்தது, மின்சாரம் 6.1 வாட். இதுதான் நடுவழி. சார்ஜர் செருகியிருந்தால் மூன்றாவது படியை மூடு, பிடுங்கினால் திற என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

விண்டோஸில் இருப்பவர்களுக்கு: பவர் ப்ளானுக்குள் ‘ப்ராசஸர் ஐடில் டிசேபிள்’ என்று ஒரு அமைப்பு மறைந்திருக்கிறது. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் அதை வெளியே கொண்டுவரலாம். அதைப் போட்டதும் டாஸ்க் மேனேஜர் சிபியூ 100 சதவீதம் என்று காட்டும். பயப்பட வேண்டாம், தூங்கவில்லை என்பதை அது அப்படிக் காட்டுகிறது. ஆனால் சூடு உண்மையாகவே ஏறும். பேட்டரியில் ஓடும்போது அதைப் போட்டு வைக்காதீர்கள்.

இது போதாதா என்றால், எனக்குப் போதவில்லை. வீடு அடங்கிய பிறகு ஹாலில் சார்ஜர் இல்லாமல் உட்கார்ந்து எழுதுவதுதான் என் வேலை நேரம். அந்த நேரத்தில்தான் சத்தமும் அதிகம்.

திறந்தது

அடியில் ஒன்பது டி5 திருகுகள், நட்சத்திர வடிவக் குழி உள்ளவை. பின்வரிசையில் இரண்டு மட்டும் நீளம். ஒரு தாளில் லேப்டாப்பின் உருவம் வரைந்து, கழற்றிய திருகை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். பழைய கிடார் பிக் ஒன்றால் விளிம்பைச் சுற்றி நெம்பினால் மூடி வந்துவிட்டது. முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிப்பது. அப்புறம் தூசு தட்டல், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தல்.

சத்தத்தைத் தேட மெஷின் ஓட வேண்டும். அதனால் லேப்டாப்பை மேசை விளிம்பில் கவிழ்த்து, திரை கீழே தொங்கும்படி வைத்து, பேட்டரியைத் திரும்ப மாட்டி, யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செருகி ஓட்டினேன். கையில் மோதிரம், கடிகாரம் எதுவும் இருக்கக் கூடாது. போர்டுக்குப் பக்கத்தில் இரும்பு எதுவும் போகக் கூடாது. 12 வோல்ட் நம்மை ஒன்றும் செய்யாது, ஆனால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனை நழுவினால் போர்டு அவுட்.

இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் உதவிய கருவி ஸ்டெதஸ்கோப். மருந்துக் கடையில் 280 ரூபாய்க்கு இருப்பதிலேயே மலிவானதை வாங்கி, நெஞ்சில் வைக்கும் வட்டத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மீன் தொட்டி ஏர் ட்யூபை ஒரு சாண் நீளத்துக்குச் செருகினேன். ட்யூபின் வாய் 4 மி.மீ. அதை எங்கே காட்டுகிறோமோ அந்த இடத்துச் சத்தம் மட்டும் காதுக்குள் வரும். போன் மைக்கால் இந்த அளவுக்குக் குறுக்கிப் பார்க்க முடியாது.

ப்ராசஸருக்குப் பக்கத்தில் ‘ஆர்15’ என்று அச்சடித்த மூன்று கறுப்புக் கட்டிகள். 0.15 மைக்ரோஹென்றி காயில்கள். எல்லாரும் குற்றம் சொல்வது இவற்றைத்தான், நானும் அங்கேதான் ட்யூபை முதலில் கொண்டுபோனேன். சத்தம் இருந்தது. ஆனால் ட்யூபை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, 12 வோல்ட் உள்ளே வரும் பக்கத்துக்கு நகர்த்தியபோது காதில் ஊசி குத்தியது போலிருந்தது. அங்கே பழுப்பு நிறத்தில், அரிசியை விடச் சின்னதாக, எட்டு செராமிக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருந்தன.

உறுதி செய்ய ஒரு மூங்கில் குச்சியை எடுத்தேன், கபாப் குத்துகிற குச்சி. ஆர்15 கட்டியின் தலையில் வைத்து அழுத்தினால் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றிலும் அப்படித்தான். கெப்பாசிட்டர் வரிசையில் நடுவில் இருந்ததன் மேல் வைத்து மெதுவாக அழுத்தினேன். சுருதி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. விட்டேன், ஏறியது. மறுபடி அழுத்தினால் மறுபடி இறங்கியது. குச்சியைப் பிடித்திருந்த விரல் நுனியிலேயே அந்த அதிர்வு லேசாகத் தெரிந்தது. அதிக கொள்ளளவுள்ள செராமிக் கெப்பாசிட்டரின் உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அதன் உருவமும் துளி ஏறி இறங்கும். அது பற்றவைக்கப்பட்ட போர்டையும் சேர்த்து வளைக்கும். கெப்பாசிட்டரின் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு. சத்தமாக வெளியே வருவது போர்டு அதிர்வதால்தான்.

குச்சியைப் போர்டின் மேல் அங்கங்கே வைத்துப் பார்த்துக்கொண்டே போனபோது கெப்பாசிட்டர்களுக்குப் பக்கத்து மூலையில் போர்டு மற்ற இடங்களை விட அதிகமாக அமுங்குவது தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே போர்டைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகு இல்லை. வெறும் ஓட்டை. சார்ஜிங் போர்ட்டைச் சரிசெய்து தந்த கடையில் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. ஒரு திருகுதானே என்று விடும் பழக்கம் எந்தக் கடைக்கும் நல்லதில்லை.

பூசியதும் ஒட்டியதும்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் திருகுத் தட்டு வைத்திருக்கும் கடையில் எம்2 அளவில் 3 மி.மீ திருகுகள் ஒரு பொட்டலம் 20 ரூபாய். போட்டதும் முனை 7.8-லிருந்து 8.6 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது, 4 டெசிபெல் இறங்கியது.

அதே தெருவில் சிலிக்கான் பசை கேட்டேன். கடையில் இருந்த பையன், “எதுக்குண்ணா?” என்றான்.

“லேப்டாப் போர்டுல, கெப்பாசிட்டரச் சுத்திப் போடணும் தம்பி.”

“அப்ப கண்ணாடி ஒட்டுற சிலிக்கான் வேணாண்ணா. மோந்து பாருங்க, வினிகர் வாடை வரும். காப்பர பச்சையாக்கிடும். இது நியூட்ரல், இத எடுத்துக்கோங்க.”

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. புளித்த வாடை வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், போர்டின் செம்பை அரிக்கும். மின்னணு வேலைக்கென்று வரும் நியூட்ரல் வகை சின்ன ட்யூப் 90 ரூபாய். அரால்டைட் போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம். நாளைக்கு அந்த இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் போனால் அரால்டைட்டைச் சுரண்டி எடுக்க முடியாது. சிலிக்கானை ட்வீசரால் உரித்துவிடலாம். ஃபெவிக்விக் போன்ற பசைகள் காய்ந்தால் கெட்டித்து விரிசல் விடும், சுற்றிலும் வெள்ளையாகப் படியும்.

முதலில் மூன்று காயில்களின் அடியைச் சுற்றி மட்டும் சிலிக்கான் போட்டேன். காயில் குற்றமில்லை என்று குச்சி சொல்லியிருந்தாலும், எல்லாரும் பரிந்துரைக்கும் வழி என்பதால் அளந்து பார்த்துவிட நினைத்தேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அளந்தால் 1 டெசிபெல். பழைய போர்டுகளில் கம்பிச் சுற்று வெளியே தெரியும் காயில்கள் இருக்கும். அவற்றில் பசை சுற்றுக்கு நடுவில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், பலனும் கிடைக்கும். இப்போது வருபவை உலோகத் தூளை அழுத்தி வார்த்த கட்டிகள். பசை இறங்க இடமே கிடையாது.

அடுத்து தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை. கெப்பாசிட்டருக்கும் அடிமூடிக்கும் நடுவில் பேட் வைத்து அழுத்தினால் அதிர்வு அடங்கும் என்பது கணக்கு. இடைவெளியை அளக்க, மகளின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டையைப் பாலித்தீன் தாளில் சுற்றிக் கெப்பாசிட்டர்கள் மேல் வைத்து, மூடியைப் போட்டு, திறந்து, நசுங்கிய கனத்தை வெர்னியரால் பார்த்தேன். 1.8 மி.மீ. 2 மி.மீ பேட் சரியாக அழுத்தும் என்று வெட்டி வைத்து மூடினேன். சத்தம் 6 டெசிபெல் கூடிவிட்டது! அதுவும் கனமான குரலில். பேட் அதிர்வை விழுங்காமல் அலுமினிய மூடிக்குக் கடத்திவிட்டது. அகலமான அந்தத் தகடு மொத்தமும் ஒலிபெருக்கியாகிவிட்டது. மூடியின் நடுவில் கையை அழுத்தி வைத்தால் சத்தம் குறைந்தது, எடுத்தால் கூடியது. பிளாஸ்டிக் மூடி உள்ள மெஷினில் இதே வழி பலித்திருக்கலாம். அலுமினிய மூடி என்றால் பேட் மூடியைத் தொடக் கூடாது.

அதிலிருந்து கிடைத்த வழி இது. கெப்பாசிட்டர்களின் பக்கங்களிலும் இடுக்குகளிலும் பல்குத்தும் குச்சியால் சிலிக்கானைத் தள்ளித் தள்ளி நிரப்பி, எட்டையும் ஒன்றோடொன்று பிணைத்தேன். பக்கத்தில் இருக்கும், மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சில்லுகள் மேல் ஒரு துளியும் படவிடவில்லை, அவை சூட்டை வெளியே விட வேண்டியவை. ஈரம் காயும் முன்பே 1 மி.மீ தெர்மல் பேட் ஒன்றை வரிசையின் அளவுக்கு வெட்டி மேலே உட்கார வைத்தேன். மூடிக்கும் அதற்கும் நடுவில் துளி இடைவெளி இருக்கும். இந்த வகை சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை, ஒரு நாளில் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. அளந்தபோது 7 டெசிபெல் இறங்கியிருந்தது.

கடைசியாக மூடி. அதிர்வை அடக்கக் கார் கதவுக்குள் ஒட்டும் ப்யூட்டைல் டேம்பிங் ஷீட், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சாமான் கடையில் துண்டாகக் கொடுத்தார்கள், 100 ரூபாய். கெப்பாசிட்டர்களுக்கு நேரே, மூடியின் உட்பக்கம் 4 செ.மீ-க்கு 6 செ.மீ துண்டு ஒட்டினேன். அந்த ஷீட் 1.8 மி.மீ இடைவெளியில் இடிக்கும் என்பதால், பேட்டுக்கு நேராக இருந்த பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சுற்றிலும் ஒட்டினேன். அதன் ஒரு முகம் அலுமினியத் தாள், போர்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் முழுக்கக் கேப்டன் டேப்பால், அதாவது மஞ்சள் கலந்த பழுப்பில் வரும் சூடு தாங்கும் டேப்பால் மூடினேன். ஓரம்கூடத் தெரியக் கூடாது. ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப்பிலிருந்து தள்ளியே ஒட்டினேன். இதனால் இன்னும் 3 டெசிபெல்.

கணக்கும் அடுத்ததும்

மைனஸ் 52-ல் இருந்த முனை பேட்டரியில் ஓடும்போது இப்போது மைனஸ் 67. சார்ஜர் செருகி, மூன்றாவது படியையும் மூடினால் மைனஸ் 76. சூடு ஏறியிருக்கிறதா என்று எல்லாக் கோர்களுக்கும் அரை மணி நேரம் வேலை கொடுத்துப் பார்த்தேன். முன்பும் 84 டிகிரி, இப்போதும் 84 டிகிரி.

செலவு: ஸ்டெதஸ்கோப் 280, ஏர் ட்யூப் 20, டி5 ஸ்க்ரூ டிரைவர் 120, ஆல்கஹால் 120, திருகு 20, சிலிக்கான் 90, இரண்டு கனத்தில் தெர்மல் பேட் 350, ப்யூட்டைல் துண்டு 100, கேப்டன் டேப் 70. மொத்தம் 1,170 ரூபாய். இதில் 2 மி.மீ பேட் வீண். ஸ்டெதஸ்கோப்பும் டேப்பும் ஆல்கஹாலும் இன்னும் பல வேலைக்கு ஆகும்.

இன்னொரு லேப்டாப்பில் இதே வேலை வந்தால் வரிசையை மாற்றுவேன். திறந்ததும் முதலில் எல்லாத் திருகுகளும் இருக்கின்றனவா, இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். அப்புறம் குச்சி. எதை அழுத்தினால் சுருதி மாறுகிறதோ அதற்கு மட்டும் வைத்தியம். குச்சிக்கு அசையாத காயிலின் பக்கமே போக மாட்டேன். புதிதாக வாங்குவதாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, சார்ஜரோடும் இல்லாமலும், கீபோர்டு விளக்கு ஒவ்வொரு நிலையிலும், ஸ்பெக்ட்ராய்டை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

இந்த மெஷினிலேயே இன்னும் ஒரு படி மிச்சமிருக்கிறது. கெப்பாசிட்டர்களையே மாற்றுவது. முராட்டா நிறுவனம் இந்தச் சத்தத்துக்காகவே, கெப்பாசிட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைத்தட்டு வைத்த வகையை விற்கிறது. அதிர்வு போர்டுக்கு இறங்காமல் அந்தத் தட்டு தடுக்கும். அதற்குச் சூடான காற்றால் பற்றவைப்பை உருக்கும் ஹாட் ஏர் ஸ்டேஷன் வேண்டும், சுற்றியுள்ள சில்லுகளைச் சூட்டிலிருந்து காப்பாற்றும் கைப்பழக்கமும் வேண்டும். பழைய போர்டு ஒன்றை வாங்கி வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். வாங்கப்போகும் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். இடைத்தட்டோடு சேர்த்து அதன் உயரம் இப்போதிருப்பதை விடக் கூடுதலாக இருக்கும். மூடியைத் தொட்டால் பழைய கனமான குரல் திரும்பிவிடும் என்பதால், களிமண்ணை வைத்து இன்னொரு தடவை அளந்த பிறகுதான் ஆர்டர் போட வேண்டும்.